கார்பன் வரி, நிலக்கரி செஸ், யார் தலையில் செலவு: கேள்வி பதில்

செலவு, வரி, பேரம் பற்றி மட்டும் கேளுங்கள். இந்த வருஷம் வெயில் ஏன் இப்படி என்பதற்கு வானிலைக்காரர்கள் இருக்கிறார்கள்.

வேளச்சேரியிலிருந்து: கார்பன் வரி போட்டால் கரண்ட் பில் ஏறுமா சார்?

ஏறும். நிலக்கரி, பெட்ரோல் எரித்து விடும் புகைக்குப் போடும் வரி அது. ஆனால் இது நமக்குப் புதுசில்லை. 2010-ல் நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாய் செஸ், அதாவது ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கென்று வாங்கும் தனி வரி, வந்தது. 2016-ல் அது 400 ஆனது. தூய எரிசக்திக்கு என்றுதான் வசூலித்தார்கள். 2017-ல் ஜிஎஸ்டி வந்ததும் அந்த 400, மாநிலங்களுக்கான இழப்பீட்டு செஸ்ஸாக மாறிவிட்டது. 2025 செப்டம்பரில் அதுவும் போனது. ஜிஎஸ்டி 5 சதவீதத்திலிருந்து 18 ஆனது. டன் 2,000 ரூபாய்க்கு விற்கும் மலிவு நிலக்கரிக்குக் கணக்குப் போடுங்கள்: முன்பு 100-ம் 400-ம் சேர்த்து 500, இப்போது 360. மட்டமான, சாம்பல் அதிகமுள்ள நிலக்கரிக்கு வரி குறைந்திருக்கிறது! எந்த வரி என்றாலும் முதலில் கேளுங்கள்: பணம் எந்தப் பைக்குப் போகிறது?

பெரம்பூரிலிருந்து: வசூலித்ததை மக்களுக்கே திருப்பித் தரலாமே?

கனடா தந்தது. ஆனாலும் 2025 ஏப்ரலில் நுகர்வோர் மீதான அந்த வரியை எடுத்தே விட்டார்கள். பெட்ரோல் பங்க்கில் ஏறும் விலை கண்ணில் படும். வங்கிக் கணக்கில் விழும் தொகை படாது. பிரான்சில் 2018-ல் மஞ்சள் அங்கிக்காரர்கள் தெருவுக்கு வந்த பிறகு எரிபொருள் வரி உயர்வு நின்றது.

அம்பத்தூரிலிருந்து: ஐரோப்பாவுக்கு இரும்புச் சாமான் அனுப்புகிறோம். எல்லைக் கார்பன் வரி எங்களுக்கும் உண்டா?

சரக்கைச் செய்யும்போது விட்ட புகைக்கு, அது ஐரோப்பாவுக்குள் நுழையும்போது அவர்கள் போடும் வரி அது. உங்கள் சரக்கின் சுங்கக் குறியீடு அவர்கள் பட்டியலில் இருக்கிறதா என்று ஆடிட்டரிடம் கேட்டுப் பாருங்கள். 2026 ஜனவரி முதல் நிஜமாகவே அமல். கட்டுவது அங்குள்ள இறக்குமதியாளர். விலையைக் குறைக்கச் சொல்லி உங்களிடம்தான் வருவார். இங்கே கார்பனுக்குக் கட்டிய விலையை அதில் கழிக்கலாம். அந்தப் பணம் ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸுக்குப் போவதைவிட டெல்லிக்கே போகட்டுமே.

தாம்பரத்திலிருந்து: புகையை விட்டது அமெரிக்காவும் ஐரோப்பாவும். தலைக்குக் கணக்குப் பார்த்தால் நம் புகை குறைவுதான். நாம் ஏன் கட்டணும்?

நியாயம்தான். 2009-ல் கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டில், வளரும் நாடுகளுக்கு 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் என்று பணக்கார நாடுகள் சொன்னார்கள், 2022-ல்தான் எட்டினார்கள். கடனா, மானியமா என்று பார்த்தால் பெரும்பங்கு கடன். 2024-ல் பாகு மாநாட்டில், 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று சுத்தியலைத் தட்டி முடித்தார்கள். இந்தியா அங்கேயே எதிர்ப்புத் தெரிவித்தது.

எண்ணூரிலிருந்து: தாம்பரம் அண்ணன் தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் பேசுகிறார். அனல்மின் நிலையத்துச் சாம்பல் எங்கள் கழிமுகத்தில் விழுகிறது. அந்தக் கணக்கில் நாங்கள் எங்கே?

தாம்பரத்திலிருந்து: அந்த மின் நிலையத்தை மூடிவிட்டால் உங்க வீட்டு ஃபேன் எதில் ஓடும்?

எண்ணூரிலிருந்து: ஃபேன் எல்லாருக்கும் ஓடுது. சாம்பல் எங்களுக்கு மட்டும்தானே?

தாம்பரம் சார், இதற்கு உங்களிடம் பதில் இல்லை. நாட்டு சராசரி என்பது அம்பானியையும் எண்ணூர் மீனவரையும் கூட்டி வகுத்தது. உலக மாநாடுகளில் அதைக் காட்டிப் பேரம் பேசலாம், பேசவும் வேண்டும். ஊருக்குள் அதைக் காட்டி வாயடைக்கக் கூடாது. கழிமுகத்தைச் சீர்செய்யும் செலவு யூனிட் விலையில் ஏறாதவரை, நீங்களும் நானும் மலிவாக வாங்கும் மின்சாரத்துக்கு மிச்சத்தை அவர்கள் கட்டுகிறார்கள்.

போரூரிலிருந்து: கரண்ட் பில் ஏறுமா?

முதல் பதில்.

மடிப்பாக்கத்திலிருந்து: பசுமை நிதி என்று ஒரு வெளிநாட்டு வங்கி மாநிலத்துக்கு...

கடனா, மானியமா? அதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கே.கே. நகரிலிருந்து: மொட்டைமாடியில் சோலார் போட மானியம் எவ்வளவு?

வீட்டுக்கு மத்திய அரசு மானியம் அதிகபட்சம் 78,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும். அடுக்குமாடி என்றால் மாடி யாருக்குச் சொந்தம் என்று முதலில் சங்கத்தில் பேசி முடியுங்கள்.