பையனுக்கு முதல் வண்டி

கேள்வி: அண்ணே, என் பையனுக்கு 17 வயது. பிளஸ் டூ முடிக்கப் போகிறான். 150 சிசி பைக்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். வாங்கித் தரலாமா?
- வாசகி, காலடிப்பேட்டை

தண்டையார்பேட்டை மெக்கானிக் பதில்: 18 முடியும்வரை சாவியைத் தராதீர்கள், தங்கச்சி. 16 வயதிலேயே லைசென்ஸ் உண்டு என்பார்கள். அது 50 சிசிக்கு மிகாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். ஷோரூமில் நிற்கும் பெட்ரோல் ஸ்கூட்டரெல்லாம் பெரும்பாலும் 110, 125 சிசி. வழக்கானால் 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் பெற்றவர்களுக்குத்தான். அவனுக்கு 25 வயதுவரை லைசென்ஸே கிடையாது.

18 ஆனதும் 110 சிசி ஸ்கூட்டர் போதும். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிக்கும் ஓரத்து மணலுக்கும் நடுவே ஓட்டுகிறவனுக்கு பிக்கப் எதற்கு? பிரேக்தான் வேண்டும். காம்பி பிரேக் இருந்தால் இடது லீவரைப் பிடித்ததும் முன்சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். பதறிப்போய் பின்பிரேக்கை மட்டும் அழுத்துகிற புதுக் கைகளுக்கு அது நல்லது.

பழைய வண்டி என்றால், நம்ம பக்கம் உப்புக்காற்று. மேலே பாலிஷ் பளபளக்கும். ஃபுட்போர்டுக்கு அடியில் கைவிட்டுத் தடவுங்கள். துரு பொடியாக உதிர்ந்தால் விலையே பேசாமல் வந்துவிடுங்கள். அப்புறம், ஹெல்மெட் வாங்க அவனையும் கூட்டிப்போங்கள். மாட்டிக்கொண்டு தலையை ஆட்டினால் அது தனியாக ஆடக்கூடாது.