அந்த இரண்டு வரி

கேள்வி: அப்பாவுக்கு வயது 67. தாலுகா ஆபீசில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்துவலிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தோம். எலும்புத் தேய்மானம்தான் என்றார்கள். ஆனால் ரிப்போர்ட்டின் கடைசி இரண்டு வரியில், இடது காதுக்குக் கீழே உமிழ்நீர்ச் சுரப்பியில் 1.6 செ.மீ. கட்டி தற்செயலாகத் தெரிகிறது, மேற்கொண்டு பரிசோதிக்கவும் என்று இருந்தது. அப்பாவுக்கு பி.பி. உண்டு, தாங்க மாட்டார். அதனால் அந்த வரிகளை வெள்ளைத் தாளால் மறைத்து, ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டேன். தையில் தங்கைக்குக் கல்யாணம். இது புற்றுநோயா? ஆபரேஷன் தேவையா? கல்யாணம் வரை தள்ளிப்போடலாமா?
– ஈரோடு வாசகர்

பதில்: தம்பி, மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நான் அந்த ஜெராக்ஸ் கடையிலேயே நின்றுவிட்டேன்.

தாளை அளவாக வெட்டி, வரிமேல் பொருத்தி எடுத்திருக்கிறீர்கள். முதல் பிரதியில் தாளின் ஓரம் கறுப்புக் கோடாக விழுந்திருக்கும், திரும்ப எடுத்திருப்பீர்கள். கடைப் பையனுக்குத் தெரியும். இப்போது எனக்கும் தெரியும். கன்னத்துக்குச் சொந்தக்காரருக்கு மட்டும் தெரியாது.

அவர் காகிதத்தோடு வாழ்ந்த மனிதர். உங்கள் ஜெராக்ஸை பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் வைத்திருப்பார். நாளைக்கு வேறு டாக்டரிடம் போனால் அதைத்தான் நீட்டுவார். அந்த டாக்டரும் கழுத்தெலும்புக்கு மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார். அப்பாவிடம் மட்டும் மறைத்ததாக நினைக்கிறீர்கள். இனி அவரைப் பார்க்கப்போகும் டாக்டர்களிடமும் மறைத்துவிட்டீர்கள்.

'தாங்க மாட்டார்' என்பதை எத்தனையோ கடிதங்களில் படித்துவிட்டேன். பெரும்பாலும் தாங்க முடியாதவர் எழுதுகிறவர்தான். பி.பி. மாத்திரையை வேளைக்கு எடுத்துக் கொடுங்கள், அது பிள்ளையின் கடமை. அவர் உடம்பைப் பற்றி அவருக்கு எவ்வளவு தெரியலாம் என்று அளந்து கொடுக்கும் உரிமையை யார் தந்தது?

சரி, கட்டிக்கு வருகிறேன். பொன்னுக்கு வீங்கியில் வீங்குமே, அதே சுரப்பிதான். பரோடிட் என்பார்கள். அதில் வரும் கட்டிகளில் பத்துக்கு எட்டு புற்று இல்லை. உங்கள் அப்பாவுடையது எட்டில் சேர்த்தியா, இரண்டிலா என்பதை இந்த ஒரு ஸ்கேனை வைத்துச் சொல்ல முடியாது. அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியால் கொஞ்சம் செல்களை எடுத்துப் பார்ப்பார்கள். எஃப்.என்.ஏ.சி. என்று பெயர். ஊசி பட்டால் பரவும் என்று கல்யாண வீட்டில் யாராவது சொல்வார்கள், காதில் வாங்காதீர்கள். ஆனால் 'இந்த ஊசி எதற்குடா?' என்று அப்பா கேட்பாரே, கழுத்துவலிக்கு என்பீர்களா?

இதில் அதிகம் வருவது பிளியோமார்ஃபிக் அடினோமா. மெதுவாக வளரும், புற்று கிடையாது. ஆனால் பல வருஷம் விட்டால் சிலருக்குப் புற்றாக மாறும், அதனால் பெரும்பாலும் எடுத்துவிடச் சொல்வார்கள். அடுத்தது வார்தின் கட்டி. புகைபிடிப்பவர்களிடம்தான் அதிகம். வயதானவர்களுக்கு அதை எடுக்காமல் கண்காணிப்பதும் உண்டு. அப்பா சிகரெட் பிடித்தவரா என்று நீங்கள் எழுதவில்லை. டாக்டர் அதை அவரிடம்தான் கேட்பார்.

ஆபரேஷன் என்றால் இன்னொன்றும் இருக்கிறது. கண்ணை மூடவும் வாயைக் கோணாமல் சிரிக்கவும் வைக்கும் முகநரம்பு அந்தச் சுரப்பிக்குள்தான் ஓடுகிறது. அதைக் காப்பாற்றிக்கொண்டே கட்டியை எடுப்பார்கள். சிலருக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நாள் பலவீனம் இருக்கும், மிகச் சிலருக்கு அப்படியே தங்கிவிடும். இதற்குச் சம்மதக் கையெழுத்து போட வேண்டியவர் அவர். எந்தத் தாளை மறைப்பீர்கள்?

கல்யாணம் வரை பொறுக்கலாமா என்பதை ஊசி முடிவைப் பார்த்து டாக்டர் சொல்லட்டும். பரிசோதனையைத் தள்ளாதீர்கள், அது ஒரு காலை நேரத்து வேலை. முகம் ஒரு பக்கம் தொங்கினாலோ, கண் மூடாவிட்டாலோ, வலித்தாலோ, கட்டி வேகமாகப் பெருத்தாலோ அன்றைக்கே போங்கள்.

இன்று சாயங்காலக் காபிக்குப் பிறகு அசல் ரிப்போர்ட்டை அவர் கையில் கொடுங்கள். நீங்கள் படித்துக் காட்ட வேண்டாம். கண்ணாடியை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். அப்புறம் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் நேரம் வாங்குங்கள். அந்த ஜெராக்ஸைத் திருப்பிக் கேளுங்கள். ஏன் என்று கேட்டால், சொல்லுங்கள்.