சொந்தமாகப் பழைய கார் இல்லாதவர் கிளாசிக் கார் கண்காட்சிக்குப் போனால் போரடிக்காதா? வார இறுதி முழுக்கச் செலவழிக்க அதில் என்ன இருக்கிறது?

என் வீட்டிலும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். என்னிடமும் பழைய கார் கிடையாது. நண்பர் ஒருவரிடம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருக்கிறது, அவர் டிரைவர், நான் கிளீனர், இந்த ஏற்பாட்டில்தான் சென்னைப் பக்கம் நடக்கும் கண்காட்சிகளுக்கும் ஈசிஆர் என்ற கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடக்கும் ஓட்டங்களுக்கும் பல வருடமாகப் போய் வருகிறேன்.

மாலை வெயில் தாழ்ந்ததும் குளித்துக் கிளம்பிப் போய், கயிறு கட்டிய வரிசைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வந்தால் கண்டிப்பாகப் போரடிக்கும். ஒரு மணி நேரம் தாங்காது. காலையில் வண்டிகள் வந்து சேரும் நேரத்தில் அங்கே இருந்தால் கதையே வேறு. எது சொந்தக் காலில் வந்தது, எது டிரெயிலரில் ஏறி வந்தது, எதைப் பத்து பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். டிரெயிலரில் வந்து இறங்கும் பளபளப்பைவிட, புகை விட்டுக்கொண்டு ஓடி வரும் வண்டிக்குத்தான் என் மதிப்பெண். பரிசு கொடுப்பவர்கள் அப்படி நினைப்பதில்லை, அது வேறு விஷயம்.

சனிக்கிழமை பகல் முழுக்கக் கிளீனர் வேலைதான். டயருக்குக் காற்று, ரேடியேட்டருக்குத் தண்ணீர், ஆயில், பேட்டரி டெர்மினலில் பூத்திருக்கும் பச்சையைச் சுரண்டுவது, பிளக்கைக் கழற்றித் துடைப்பது. அப்புறம் டிக்கியில் ஏற்ற வேண்டிய சாமான்: ஃபேன் பெல்ட், சி.பி. பாயின்ட், கண்டென்சர் (இரண்டும் பிளக்குக்குத் தீப்பொறி கிடைக்க வேண்டியவை), கட்டுக்கம்பி, இரண்டு கேன் தண்ணீர், கிழிந்த வேட்டி ஒன்று.

வேட்டி துடைப்பதற்கு இல்லை. ஹெரால்டில் பெட்ரோல் பம்ப் இன்ஜினோடு சேர்த்து முடுக்கியிருக்கும். நம் ஊர் வெயிலில், டிராஃபிக்கில் நின்று நின்று போனால், இன்ஜின் சூடு ஏறிப் பம்பிலும் குழாயிலும் இருக்கும் பெட்ரோல் அங்கேயே ஆவியாகிவிடும். பம்ப் பெட்ரோலை இழுக்கும், ஆவியை இழுத்துத் தள்ள அதனால் ஆகாது. கார்புரேட்டர் காய்ந்து, வண்டி இருமி இருமி நின்றுவிடும். வேட்டியை நனைத்துப் பம்ப் மேல் சுற்றிவிட்டு, பக்கத்து டீக்கடையில் உட்கார வேண்டியதுதான், ஆறினால் தானாகக் கிளம்பிவிடும். உத்தண்டி தாண்டி ஒருமுறை இப்படி நின்றபோது பின்னால் வந்த ஃபியட், அம்பாசடர், ஒரு வில்லிஸ் ஜீப் எல்லாம் ஒவ்வொன்றாக ஓரம் கட்டின. என்ன கோளாறு என்று அத்தனை பேருக்கும் தெரியும், செய்ய ஒன்றுமில்லை என்றும் தெரியும். இருந்தாலும் எல்லோரும் இறங்கி வந்து பானெட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தார்கள். டீக்கடைக்காரருக்கு நல்ல வியாபாரம்.

ஹெரால்டு பானெட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இரண்டு பக்கக் கொக்கியையும் விடுவித்தால் மட்கார்டு, ஹெட்லைட் உட்பட வண்டியின் மூக்கு மொத்தமும் முன்பக்கமாகக் கவிழும். இன்ஜின் தனியாகத் திறந்த வெளியில் நிற்கும், முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். ஜியோவன்னி மிக்கெலோட்டி என்ற இத்தாலிக்காரர் போட்ட வடிவம் இது. இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு என்று வந்ததை 1961-லிருந்து வண்டலூர் பக்கத்துத் தொழிற்சாலையில் ஸ்டாண்டர்டு பெயரில் செய்தார்கள். அம்பாசடர் வங்காளத்து உத்தர்பாராவில் இருந்து வந்தது, ஃபியட் பம்பாய் குர்லாவில் இருந்து வந்தது, இது நம்மூர்ச் சரக்கு. 1980களில் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு பெரிய கார் விட்டார்கள், அது எடுபடவில்லை, அதோடு கம்பெனி கதையும் முடிந்தது.

அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெரியவர்கள் இன்னமும் கண்காட்சிக்கு வருகிறார்கள், கேள்விக்கு என் பதிலே அவர்கள்தான். எழுபதைத் தாண்டிய ஒருவர் பேரனோடு வந்தார். மற்ற கார்களை எல்லாம் கடந்து நேராக ஹெரால்டு முன்னால் வந்து நின்று, கொஞ்சம் ஸ்டார்ட் பண்ணுங்க என்றார். எங்கள் டூல் பையில் இருந்து நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை அவரே தேர்ந்தெடுத்தார், அதன் நுனியை இன்ஜின் உச்சியில் வால்வுகளை மூடியிருக்கும் டாப்பெட் கவர் மேல் வைத்து, பிடியைக் காதுக்குப் பக்கத்து எலும்பில் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடினார். இரண்டு அங்குலம் நகர்த்தினார், மறுபடி கேட்டார். “தம்பி, மூணாவது சிலிண்டர்ல ஒரு டாப்பெட் லூசு. ஃபீலர் கேஜ் வெச்சிருக்கீங்களா?” என்றார். (டாப்பெட் இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுதான் ஃபீலர் கேஜ்.) நண்பர், “இருக்குங்க ஐயா, இப்பவே பார்த்திடலாமா?” என்று கேட்க, அவர் சிரித்துவிட்டார். இன்ஜின் ஆறாமல் ஹெரால்டுக்கு டாப்பெட் பார்க்கக் கூடாதாம். ஆறுகிற வரைக்கும் டயர் மேல் உட்கார்ந்துகொண்டு பேரனுக்கு டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் என்ன என்று சொல்லிக்கொண்டிருந்தார், நாங்களும் கேட்டோம். மியூசியத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் காரிடம் இது கிடைக்காது. (மியூசியம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கோவை அவிநாசி சாலையில் இருக்கும் ஜிடி கார் மியூசியம் ஒரு நாள் ஒதுக்கிப் பார்க்க வேண்டிய இடம்.)

மத்தியானம் பேச்சு உதிரிபாகம் பக்கம் திரும்பும். யாரிடம் வைப்பர் மோட்டார் இருக்கிறது, யாரிடம் வீல் கப் ஒன்று உபரியாகக் கிடக்கிறது, சென்னையில் பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் எந்தக் கடையில் இன்னும் பழைய கியர்பாக்ஸ் தொங்குகிறது என்று. ஹெரால்டுக்கு இன்ஜின் சாமான்கூட இங்கிலாந்தில் இருந்து வரவழைத்துவிடலாம், அங்கே இந்த வண்டிக்கு ரசிகர்கள் நிறைய. ஆனால் நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டும்தான் வந்தது. அதன் பின்கதவுக் கண்ணாடியோ ரப்பரோ போனால் உலகத்தில் எங்கே தேடியும் பயனில்லை, இன்னொரு ஹெரால்டுக்காரரைத்தான் பிடிக்க வேண்டும். இந்தக் கூட்டம் ஒருவரை ஒருவர் விடாமல் ஒட்டிக்கொண்டிருப்பதற்கு அன்பு ஒரு காரணம், பின்கதவு ரப்பர் இன்னொரு காரணம்.

இப்போதைய பெரிய கவலை இ20 பெட்ரோல், அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் பழைய ரப்பர் குழாயையும் பம்ப் டயாஃப்ரத்தையும் அரித்துவிடும், ஈரத்தை இழுத்து டேங்கில் துரு ஏற்றும். மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டிகளுக்கு இது ரொம்பவே பாதகம், அதனால் குழாயை மாற்றுவது, டேங்கை வடித்து வைப்பது என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். இன்னொரு நிரந்தரச் சண்டை எது விண்டேஜ் என்பது. பழைய கார் எல்லாவற்றையும் நாம் விண்டேஜ் என்று சொல்லிவிடுகிறோம், ஆனால் ஆர்வலர்கள் வழக்கத்தில் 1919 முதல் 1930 வரை செய்ததுதான் விண்டேஜ், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஃபியட்டும் ஹெரால்டும் கிளாசிக். அரசாங்கக் கணக்கு தனி. 2021-ல் வந்த விதிப்படி முதல் பதிவில் இருந்து 50 வருடம் தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் இருந்தால் விண்டேஜ் பதிவு கிடைக்கும், புதிதாகப் பதிய 20,000 ரூபாய். அந்தப் பதிவு வாங்கினால் கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பராமரிப்பு என்பதற்குத்தான் ரோட்டில் எடுக்கலாம், தினமும் ஆபீசுக்கு ஓட்ட முடியாது. ஹெரால்டுக்கு அதை வாங்கலாமா வேண்டாமா என்று நண்பர் இன்னும் யோசித்துக்கொண்டே இருக்கிறார்.

எரிச்சலே இல்லையா என்றால், உண்டு. கொடியசைக்க வரும் சிறப்பு விருந்தினர் தாமதமாக வருவார், வந்த பிறகு பேசுவார், அதுவரை இத்தனை கிழட்டு இன்ஜின்களும் வெயிலில் ஐடிலிங்கில் கொதித்துக்கொண்டு நிற்கும். ரேடியேட்டர் மூடி திறந்து முதல் ஆவி கிளம்பும்போதுதான் பேச்சு முடியும். அப்புறம் செல்ஃபிக்காகக் கதவில் சாய்பவர்கள். ஜீன்ஸ் பொத்தான் ஒரு இழுப்பு இழுத்தால் பெயின்ட் வேலை போச்சு.

முதல்முறை போகிறவர் என்றால் காலை எட்டு மணிக்கு முன்னால் போய்விடுங்கள், தொப்பியும் தண்ணீரும் இருக்கட்டும், தொடுவதற்கு முன் கேட்டுவிடுங்கள். உரிமையாளரிடம் என்ன விலை, லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்று ஆரம்பிக்காதீர்கள், அன்றைக்கு மட்டும் நூறு பேர் கேட்டிருப்பார்கள். “இதை எங்கே கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்டுப் பாருங்கள், கோழிக் கொட்டகையில் கிடந்ததில் இருந்து தொடங்குவார், நீங்கள் நாற்காலி தேட வேண்டியிருக்கும். இரண்டாவது தடவை போகும்போது யாராவது தங்கள் வண்டியில் கிளீனராக ஏற்றிக்கொள்வார்கள், ஆள் எப்போதும் தேவைதான், தள்ளுவதற்காவது. பரிசளிப்பு விழா வரை இருக்க வேண்டியதில்லை, குழந்தைகளை அழைத்துப் போயிருந்தால் கட்டாயம் இருக்காதீர்கள்.