அமெரிக்கக் கார்கள் பின்சக்கர இயக்கத்தை விட்டு முன்சக்கர இயக்கத்துக்கு மாறியதற்கு எரிபொருள் சிக்கன விதிகள்தான் காரணமா?

கேள்வி கேட்டவர் கீழே இன்னொன்றும் சேர்த்திருக்கிறார்: இன்றைக்கு அமெரிக்காவில் ஒரு பின்சக்கர இயக்க செடான் வாங்கினால் மைலேஜ் கட்டாயம் அடிவாங்குமா என்று. இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். வண்டிகளின் அடிவயிற்றைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவன் என்பதால் கொஞ்சம் விரிவாகத்தான் வரும்.

சட்டம் ஒரு பெரிய காரணம், சந்தேகமில்லை. ஆனால் எந்தச் சக்கரம் வண்டியை நகர்த்த வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவே இல்லை. சராசரி மைலேஜை உயர்த்து என்றது, அவ்வளவுதான். அதற்கு வண்டி இளைத்தாக வேண்டும். உள்ளே கால் நீட்டும் இடத்தைக் குறைக்காமல் இளைக்க வைக்க அன்றைக்குக் கைக்கு எட்டிய வழி முன்சக்கர இயக்கம். மைலேஜைக் கூட்டியதில் பெரும்பங்கு எடைக் குறைப்புக்குத்தான். பெயர் மட்டும் சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை போட்டதும் அமெரிக்க பெட்ரோல் பங்குகளில் வரிசை நீண்டது. அதன் விளைவாக வந்த சட்டத்தில் அதிபர் ஜெரால்டு ஃபோர்டு 1975 டிசம்பரில் கையெழுத்திட்டார். ஒரு நிறுவனம் ஓராண்டில் விற்கும் கார்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு சராசரி மைலேஜ். சுருக்கமாக 'காஃபே' விதி என்பார்கள். 1978 மாடலுக்கு கேலனுக்கு 18 மைல், 1985-க்குள் 27.5 மைல். நம் கணக்கில் லிட்டருக்கு ஏறத்தாழ 7.6 கிலோமீட்டரிலிருந்து 11.7-க்கு. ஏழே வருடத்தில் இவ்வளவு ஏற வேண்டும் என்பது எந்தக் கார் கம்பெனிக்கும் வயிற்றைக் கலக்கும் இலக்கு.

அந்தச் சராசரி போடும் விதத்தில்தான் பிடி இருக்கிறது. 20 மைல் தரும் கார் ஒன்று, 40 மைல் தரும் கார் ஒன்று விற்றால் சராசரி 30 என்று தோன்றும். சட்டத்தின் கணக்கில் அது 26.7தான். இரண்டு கார்களும் ஒரே தூரம் ஓடினால் மொத்தம் எவ்வளவு பெட்ரோல் குடிக்கும் என்று பார்த்து வகுக்கிறார்கள். அதனால் ஒரு குண்டு வண்டி இழுத்துவிடும் சராசரியை ஒரு சின்ன வண்டியை வைத்து ஈடுகட்டிவிட முடியாது. நாலு சின்ன கார் கூடுதலாக விற்றுவிட்டுப் பெரிய காரை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தவர்களுக்கு இந்தக் கணக்கு இடம் கொடுக்கவில்லை. குடும்பங்கள் வாங்கும் நடுத்தர, பெரிய கார்களையே மாற்ற வேண்டி வந்தது. தவறினால் குறையும் ஒவ்வொரு 0.1 மைலுக்கும், விற்ற காருக்கு 5 டாலர் அபராதம். பத்து லட்சம் கார் விற்கும் கம்பெனி ஒரு மைல் பின்தங்கினால் 5 கோடி டாலர். ஐரோப்பிய சொகுசுக் கார் கம்பெனிகள் சில கட்டிவிட்டுப் போயின. டெட்ராய்ட்காரர்களோ, அதாவது அமெரிக்காவின் பெரிய கார் கம்பெனிகளோ, அபராதம் கட்டுவதைச் சட்டத்தை மீறுவதாகவே எடுத்துக்கொண்டார்கள்.

சரி, முன்சக்கர இயக்கம் இதில் என்ன செய்தது? ஒரு பழைய பின்சக்கர இயக்க காரை லிஃப்டில் ஏற்றி அடியில் நின்று பார்த்தால் தெரியும். என்ஜின் சக்தியைக் கியர்பாக்ஸிலிருந்து பின்னால் வரைக்கும் கொண்டுபோகும் நீளத் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்ட், அதன் யூ ஜாயிண்டுகள், கடைசியில் அந்தச் சக்தியை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும், பூசணிக்காய் மாதிரி தொங்கும் டிஃபரன்ஷியல் கூடு, இரு பக்கமும் கனத்த ஆக்ஸில் குழாய். அந்தக் கூட்டைத் திறந்து ஆயிலை இறக்கினால் கந்தக வாடை மூக்கைத் துளைக்கும். உள்ளே இருக்கும் கிரவுன் வீல், பினியன் என்ற இரண்டு பல்சக்கரங்களும் சுழற்சியை 90 டிகிரி திருப்பும்போது பற்கள் ஒன்றின் மேல் ஒன்று அழுந்திச் சறுக்குகின்றன. சாதாரண ஆயில் அந்த அழுத்தத்தில் தாங்காது என்பதால்தான் கந்தகச் சேர்மம் கலந்த ஆயில். அந்தச் சறுக்கலில் கொஞ்சம் சக்தி சூடாகி வீணாகிறது.

என்ஜினைக் குறுக்கே வைத்து முன்சக்கரத்தை ஓட்டினால் இந்தத் திருப்பமே தேவையில்லை. என்ஜினின் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்டும் சக்கர அச்சும் ஒரே திசையில் கிடக்கின்றன, நடுவில் சாதாரண சாய்வுப் பல் கியர் போதும். ஆனாலும் இந்தச் சக்தி மிச்சம் சின்னதுதான். உண்மையான லாபம் இடத்தில் இருக்கிறது. நீளவாக்கில் கிடந்த என்ஜின் குறுக்கே திரும்பியதும் பானெட் குட்டையாகிறது. தரையின் நடுவே எழும்பி நிற்கும் சுரங்கம் தணிந்துவிடுகிறது. அதே ஐந்து பேர் உட்காரும் இடம் சிறிய உடலுக்குள் அடங்குகிறது. சிறிய உடலுக்கு இரும்பு குறைவு, இரும்பு குறைந்தால் சின்ன என்ஜினே போதும், என்ஜின் சிறுத்தால் பிரேக்கும் சஸ்பென்ஷனும்கூட இளைக்கலாம். ஒன்று குறைய ஒன்று குறைந்துகொண்டே போகும். இந்தச் சங்கிலிதான் எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி.

எடைதான் பிரதானம் என்பதற்கு இரண்டு கார்களே சாட்சி. 1966-இல் வந்த ஓல்ட்ஸ்மொபீல் டொரொனாடோ முன்சக்கர இயக்கம்தான், ஆனால் 7 லிட்டர் வி8 என்ஜின், ஏறக்குறைய இரண்டு டன் எடை. மைலேஜ் பற்றி அதனிடம் பேச்சே எடுக்க முடியாது. மறுபக்கம், 1977-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பெரிய செவ்ரலே கப்ரீஸைப் பின்சக்கர இயக்கமாகவே வைத்துக்கொண்டு சுமார் 10 அங்குலம் குட்டையாக்கி, 250 கிலோவுக்கு மேல் இளைக்க வைத்தது. உள்ளே இடம் குறையவில்லை. ஆக, சக்கரத்தை மாற்றாமலும் ஒரு சுற்று குறைக்க முடிந்தது. அடுத்த சுற்றுக் குறைப்புக்குத்தான் என்ஜினைத் திருப்ப வேண்டியிருந்தது.

1978-க்கு கிரைஸ்லர் தன் முன்சக்கர இயக்க ஆம்னி, ஹொரைசன் கார்களைக் கொண்டுவந்தது. 1979 ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸின் செவ்ரலே சைட்டேஷன் வந்தபோது ஈரான் புரட்சியால் பெட்ரோல் விலை மறுபடி ஏறிக்கொண்டிருந்தது. முதல் மாடல் ஆண்டிலேயே எட்டு லட்சத்துக்கு மேல் விற்றது. அப்புறம் கிரைஸ்லரின் கே கார்கள், ஃபோர்டு எஸ்கார்ட், 1986-க்கு டாரஸ். 1985-இல் கேடிலாக் டெவில்லே கூட முன்சக்கர இயக்கமாகி இரண்டடி குட்டையானது. 1975-இல் அமெரிக்காவில் விற்ற புதிய கார்களில் பத்தில் ஒன்றுகூட முன்சக்கர இயக்கம் இல்லை. 1990-இல் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல். இதில் சட்டத்துக்கு மட்டுமே முழுப் பங்கும் கொடுக்க மாட்டேன். பெட்ரோல் விலையும், ஹோண்டா சிவிக், வோக்ஸ்வாகன் ராபிட் போன்ற கார்கள் கொடுத்த போட்டியும் பக்கத்திலேயே நின்று தள்ளின.

எல்லோரும் ஒரே மனதாக மாறவும் இல்லை. எண்ணெய் விலை விழுந்து பெரிய கார்கள் மறுபடி விற்கத் தொடங்கியதும் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் இலக்கைக் குறைக்கச் சொல்லி முறையிட்டன. 1986-இலிருந்து சில ஆண்டுகளுக்கு அது 26 ஆக இறங்கியது. கிரைஸ்லர் எதிர்த்தது. பணத்தைக் கொட்டி மாறியவனுக்கு என்ன மரியாதை என்ற அவர்கள் கோபம் எனக்கு நியாயமாகவே படுகிறது. ஃபோர்டு தன் பின்சக்கர இயக்க கிரௌன் விக்டோரியாவை விடவில்லை. 1990-களின் தொடக்கத்தில் அதில் உள்நாட்டுப் பாகங்களின் பங்கை 75 சதவீதத்துக்குக் கீழே இறக்கி, 'இறக்குமதி' கணக்குக்கு மாற்றியது. உள்நாட்டுக் கார்களுக்கும் இறக்குமதிக்கும் தனித்தனிச் சராசரி என்பதால் உள்நாட்டுச் சராசரி தப்பித்தது. ஒரு அமெரிக்க கார் அமெரிக்கத்தனத்தைக் குறைத்துக்கொண்டால்தான் விதிக்குள் அடங்கும் என்று ஆக்கியது சட்டத்தின் குறை.

அதைவிடப் பெரிய ஓட்டை டிரக் வகை. பிக்கப், வேன், எஸ்யூவி எல்லாவற்றுக்கும் தனி, தளர்ந்த இலக்கு: கார்களுக்கு 27.5 இருந்த காலத்தில் அவற்றுக்கு 20.7. பெரிய பின்சக்கர இயக்க ஸ்டேஷன் வேகன்களில் போன குடும்பங்கள் கடைசியில் எஸ்யூவிக்கு ஏறின. எந்தச் சக்கரம் ஓடுகிறது என்பதை விதி நேரடியாகப் பார்க்கும் இடமும் இதுதான். இப்போதைய விதியில் 6,000 பவுண்டுக்கு உட்பட்ட ஒரு எஸ்யூவி இரு சக்கர இயக்கமாக இருந்தால் பெரும்பாலும் கார் கணக்கு. அதே வண்டிக்கு நாலு சக்கர இயக்கம் கொடுத்து, தரையிலிருந்து உயரம், முன் பின் கோணம் போன்ற ஐந்து அளவுகளில் நாலு பொருந்திவிட்டால் டிரக் கணக்கு, இலக்கு இளகிவிடும். அதிகம் குடிக்கும் வடிவத்துக்குச் சலுகை. முன்சக்கரமா பின்சக்கரமா என்ற சண்டையை விட இது எத்தனையோ மடங்கு பெட்ரோலைத் தின்றிருக்கும் என்பது என் உறுதியான கருத்து.

2011 மாடலிலிருந்து கார்களுக்கு ஒரே இலக்கு என்பது போய், நாலு சக்கரங்களுக்கு நடுவே அடங்கும் பரப்பைப் பொறுத்த இலக்கு வந்தது. பரப்பு பெரிதானால் இலக்கு குறையும். வண்டியைச் சிறிதாக்கும் ஆசை அதோடு தணிந்தது. 2025-இல் வந்த சட்டம் காஃபே அபராதத்தையே பூஜ்யமாக்கிவிட்டது. இலக்கு காகிதத்தில் இருக்கிறது, தவறினால் கட்ட வேண்டியது எதுவும் இல்லை. எனக்கு இதில் வருத்தம்தான்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. இன்றைய பின்சக்கர இயக்க செடானில் எட்டு கியர் ஆட்டோமேட்டிக், சின்ன டர்போ என்ஜின் எல்லாம் வந்துவிட்டதால் எந்தச் சக்கரம் ஓடுகிறது என்பதை வைத்து மட்டும் மைலேஜைக் கணிக்க முடியாது. பனி அதிகம் கொட்டும் மாநிலத்தில் இருந்தால் முன்சக்கர இயக்கத்தின் பிடிமானம் நிஜமான வசதி, என்ஜினின் எடை ஓட்டும் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. மின்சாரக் காரில் இந்தக் கேள்வியே கரைந்துவிடும். பின்சக்கரத்தை ஓட்டும் மோட்டார் பின் அச்சிலேயே இருப்பதால் புரொப்பல்லர் ஷாஃப்ட் கிடையாது. முன்சக்கர இயக்கத்திலேயே ஊறிய வால்வோ 2023-இல் தன் ஒற்றை மோட்டார் எக்ஸ்சி40 மின்சாரக் காரைப் பின்சக்கர இயக்கமாக மாற்றியது, ஓடும் தூரமும் கூடியது. பெட்ரோல் கார்தான் என்றால், நீங்கள் பார்க்கும் மாடலின் எடையையும், ஜன்னலில் ஒட்டியிருக்கும் இ.பி.ஏ. (அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை) ஸ்டிக்கரில் 100 மைலுக்கு எத்தனை கேலன் என்ற வரியையும் பாருங்கள். அந்த வரி மைலேஜ் எண்ணை விட நேர்மையானது. பனி இல்லாத ஊர் என்றால் நாலு சக்கர இயக்கத்துக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.