அதிசயச் செய்திகளைப் படித்தவர்களும் ஏன் இவ்வளவு எளிதில் நம்பிவிடுகிறார்கள்?

படிப்பு மட்டும் காப்பாற்றாது. 1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் பால் குடிக்கிறார் என்ற செய்தி பரவி, லண்டன் கோயில்கள் வரை கூட்டம் கூடியது. வரிசையில் படித்தவர்களும் ஏராளம்.

நடந்தது இதுதான்: கரண்டி நிறையப் பாலைத் தும்பிக்கையில் தொட்டுச் சற்றே சாய்த்தால், பரப்பு இழுவிசையால் (திரவத்தின் மேற்பரப்பைத் தோல்போல இழுத்துப் பிடிக்கும் விசை) பால் விளிம்பு தாண்டும், பிறகு மெல்லிய படலமாகச் சிலைமேல் வழிந்து இறங்கும். வெண்பளிங்கில் அது கண்ணுக்குத் தெரியாது. விஞ்ஞானிகள் பாலில் நிறம் கலந்து ஊட்டியபோது வழிந்த தடம் பளிச்சென்று தெரிந்தது.

பரப்பு இழுவிசையைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள்தாம் நாம். பாடத்தை வகுப்போடு விட்டுவிட்டோம் என்பதே என் வருத்தம். பக்திக்கும் இதற்கும் பகையில்லை. 'பால் எங்கே போகிறது?' என்று பீடத்தைக் குனிந்து பார்க்க நமக்கு யாரும் பழக்கவில்லை.