பேட்ஜுக்காக வகுப்புக்கு வெளியே நிறுத்தினால்

உங்கள் மகள் எந்த விதியை மீறினாள் என்று பள்ளியிடம் எழுத்தில் கேளுங்கள். 'மரங்களை வெட்டாதே' என்று ஒரு சின்ன பேட்ஜ் குத்தியதற்காக அவளை வகுப்புக்கு வெளியே நிறுத்தியது அநியாயம். விதியே இருந்தாலும், பாடத்தை இழக்க வைப்பது அளவுக்கு மீறிய தண்டனை.

பெரும்பாலும் 'பேட்ஜ் கூடாது' என்று பள்ளி விதிகளில் எங்கும் இருக்காது. 'கண்ணியமான தோற்றம்' என்று பொத்தாம்பொதுவாக ஒரு வரி இருக்கும். அதற்கு ஆளுக்கொரு அர்த்தம்.

ஒன்றைக் கவனியுங்கள்: பிறந்தநாள் பேட்ஜ், விளையாட்டு அணி பேட்ஜ் குத்தி வருபவர்களைத் தடுக்கிறார்களா? இல்லையென்றால் பிரச்சினை உடையில் இல்லை, அவள் சொல்லும் கருத்தில்தான். அமெரிக்காவில் வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டை கட்டிய மாணவர்களுக்கு 1969இல் உச்ச நீதிமன்றம் சாதகமாகத் தீர்ப்பளித்தபோது, மற்ற அரசியல் சின்னங்களை விட்டுவிட்டுப் பள்ளி இதை மட்டும் தடுத்ததையும் சுட்டிக்காட்டியது.

அந்தத் தீர்ப்பு அந்த நாட்டுக்குத்தான். தனியார் பள்ளி என்றால், சேர்க்கையின்போது நீங்கள் கையெழுத்திட்ட படிவத்தையும் பாருங்கள். ஆய்வகத்திலோ விளையாட்டிலோ பேட்ஜின் ஊசி குத்தும் என்றால் அது நியாயமான காரணம், ஏற்றுக்கொள்ளுங்கள்.

அப்புறம், பேசப் போகும்போது அவளையும் கூட்டிப் போங்கள். அவள் தரப்பை அவளே சொல்லட்டும்.