பாட்டைத் திரும்பக் கேட்காதீர்கள், பங்கைக் கேளுங்கள்

கேள்வி: மதுரைப் பக்கம் ஒரு கிராமத்தைச் சேர்ந்த நாட்டுப்புறப் பாடகி நான். நானே எழுதி, மெட்டமைத்து, பாடிய பாட்டு என் யூடியூப் சேனலில் நன்றாக ஓடியது. சென்ற ஆண்டு சென்னை மியூசிக் கம்பெனி ஒன்று 25,000 ரூபாய் கொடுத்து, ஆங்கிலத்தில் இருந்த ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியது. இப்போது அதையே பிரபல பாடகி ஒருவர் குரலில் வெளியிட்டிருக்கிறார்கள். என் பெயரே இல்லை. நான் மறுபடி பாடி ஏற்றியதற்கு எனக்கே காப்பிரைட் ஸ்ட்ரைக் கொடுத்து, யூடியூபில் வீடியோவை முடக்கிவிட்டார்கள். சிபாரிசு இல்லாத கிராமத்துக்காரி என்பதால்தானே இப்படி? லைவில் அழுது பேசிவிட்டேன். அந்த வீடியோவையும் கையெழுத்தன்று நான் போட்ட போட்டோவையும் இணைத்திருக்கிறேன். பாட்டை மீட்க வழி உண்டா?

பதில்: சிபாரிசு, கிராமம், பிரபல பாடகி எல்லாவற்றையும் ஓரமாக வையுங்கள். கோர்ட்டில் அதற்குத் தனிக் கணக்கு கிடையாது. ஆங்கிலம் தெரியாமல் கையெழுத்துப் போட்டேன் என்பதும் பெரிதாக எடுபடாது. பணம் உங்கள் அக்கவுன்ட்டில் ஏறியிருக்கிறது. அன்றே சால்வையோடு எடுத்த போட்டோவை ‘நன்றி அண்ணா’ என்று நீங்களே போட்டிருக்கிறீர்கள். எதிர்த்தரப்பின் முதல் ஆவணம் அந்தப் போட்டோதான்.

உங்களுக்கு முக்கியம் ஒன்றே ஒன்று. பாட்டை எழுதிக் கொடுத்தாலும் ராயல்டியை, அதாவது பாட்டைப் பயன்படுத்தும்போதெல்லாம் வரும் பங்குத்தொகையை, எழுதிக் கொடுக்க முடியாது. 1957 காப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தின் 18ஆம் பிரிவில் 2012இல் சேர்த்த திருத்தம் அதைத்தான் சொல்கிறது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உரிமை வாங்கியவரோடு ராயல்டியில் சம பங்கு பெறுவார்கள். வாரிசுக்கோ, ராயல்டியை வசூலித்துப் பிரித்துத் தரும் காப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் அதை விட்டுக்கொடுத்து எழுதினால் அந்த வாசகம் செல்லாது. 57ஆம் பிரிவுப்படி, விற்ற பிறகும் ‘இதை எழுதியவள் நான்’ என்று உரிமை கோரலாம். பாட்டையே மீட்பது வேறு கதை. ஷரத்து கடுமையானது என்று 19ஏ பிரிவில் போகலாம். ஆனால் எழுதிக் கொடுத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் ரத்து உத்தரவு கிடைக்காது. ஒப்பந்தத்தில் கால அளவே போடவில்லை என்றால் அது 5 ஆண்டு என்றுதான் சட்டம் கொள்ளும். அதை மட்டும் பாருங்கள். பெரும்பாலும் ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும்’ என்று அடித்துத்தான் வைத்திருப்பார்கள்.

இனி நீங்கள் விழக்கூடிய குழிகள்.

லைவில் இரண்டு விஷயம் பேசியிருக்கிறீர்கள். ‘திருட்டுக் கம்பெனி’ என்றது ஒன்று. கையெழுத்து இருக்கும்போது அது திருட்டு ஆகாது. அவதூறு வழக்காகத் திரும்பும். அதைவிட மோசமானது அடுத்தது: ‘இது எங்க அப்பத்தா பாடின ஒப்பாரி, எங்க மண்ணோட பாட்டு’ என்றீர்களே, அது. பார்ப்பவர்களுக்கு உருக்கமாக இருந்திருக்கும். வழக்கில் அது உங்கள் கழுத்துக்குக் கயிறு. காலம்காலமாக ஊரே பாடிய மெட்டென்றால் அதை ஆக்கியவர் நீங்கள் அல்ல. ஆக்கியவர் இல்லையென்றால் 18ஆம் பிரிவு ராயல்டியும் இல்லை, 57ஆம் பிரிவுப் பெயரும் இல்லை. ‘பொதுச்சொத்து, நாங்களே இசையமைத்தோம்’ என்று அரேஞ்சர் (வாத்தியங்களைச் சேர்த்து அமைப்பவர்) பெயரை இசையமைப்பாளராகப் போட அவர்களுக்கு வழி விட்டுவிட்டீர்கள். இப்படி சொந்த வாயாலேயே உரிமையைத் தொலைத்த கிராமியக் கலைஞர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. வீடியோவை அழிக்காதீர்கள், அழித்தது தெரிந்தால் மறைத்ததாகச் சொல்வார்கள். வக்கீலிடம் உண்மையைச் சொல்லுங்கள். பல்லவி மெட்டு மட்டும் அப்பத்தாவுடையதா? சரண வரிகள் முழுக்க உங்களுடையவையா? புதிதாகச் சேர்த்ததற்கு உரிமை உண்டு. எழுதிய நோட்டு, போனில் ஹம்மிங் செய்து பதிந்த ஆடியோ எல்லாம் தேதியோடு வேண்டும்.

ஸ்ட்ரைக்குக்கு எதிராக யூடியூபில் கவுன்டர் நோட்டிஃபிகேஷன் (மறுப்பு மனு) போடச் சொல்லி யாராவது கிளப்பிவிடுவார்கள். போடாதீர்கள். உங்கள் பெயரும் விலாசமும் எதிரிக்குப் போகும். 10 வேலை நாளுக்குள் கேஸ் போட்டால்தான் வீடியோ முடக்கம் நீடிக்கும் என்பதால் அவர்கள் போட்டே விடுவார்கள். வரிகளையும் மெட்டையும் எழுதிக் கொடுத்துவிட்டு மறுபடி பாடியவர் நீங்கள். அந்த வழக்கில் உங்கள் தரப்பு பலவீனம். விற்பதற்கு முன் சொந்தச் செலவில் பதிவு செய்த பழைய ஆடியோ வேறு விஷயம். மாஸ்டரும் (அந்த மூல ஒலிப்பதிவும்) சேர்த்துக் கொடுத்திருக்கிறீர்களா என்று ஒப்பந்தத்தில் தேடுங்கள்.

என் யோசனை சமரசம்தான். வக்கீல் நோட்டீஸில் எல்லாத் தளங்களிலும் உங்கள் பெயர், இதுவரையிலான வருமானக் கணக்கும் உங்கள் பங்கும், ஸ்ட்ரைக் வாபஸ் ஆகியவற்றைக் கேளுங்கள். ‘பாட்டைத் திருப்பிக் கொடு’ என்று எழுதவே வேண்டாம். எழுதினால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். அவசரத் தடை கேட்காத வணிக வழக்குக்கு முன்பே மத்தியஸ்தம் கட்டாயம். அங்கே உடன்பாடானால் அதைக் கோர்ட் மூலம் அமல்படுத்தலாம். பெண் என்ற ஒரே காரணத்துக்காக, வருமானம் பார்க்காமல், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் உங்களுக்கு இலவச வக்கீல் கிடைப்பார்.

பணம் தரும்போது ஒரு ரசீது நீட்டுவார்கள். ‘இத்துடன் எல்லாக் கோரிக்கையும் தீர்ந்தது’ என்று இருக்கும். ராயல்டியை விட்டுக்கொடுத்தது செல்லாது என்பது சரி. செல்லாது என்று நிரூபிக்க நீங்கள்தானே வழக்குப் போட வேண்டும்? ‘இந்தத் தொகை இன்றுவரைக்கு மட்டும், இனி வரும் ராயல்டி தொடரும்’ என்று தமிழிலேயே எழுதச் சொல்லுங்கள். அதற்கிடையில் பாட்டு ராயல்டியை வசூலிக்கும் காப்புரிமைச் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் பாடலாசிரியர், இசையமைப்பாளர் இரண்டுமாக உறுப்பினராகி, இந்தப் பாட்டு அங்கே யார் பெயரில் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். வேறு பெயர் இருந்தால் நோட்டீஸின் ஒரு நகல் அவர்களுக்கும் போகட்டும்.